மோட்டார் ஓடுது, தண்ணி வரல... குற்றவாளி மரையாக இருக்கலாம்!

"தம்பி, மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் வரல." சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் பழக்கமான போன் இது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஃபில்டர் பாயின்ட் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். அந்த வெயிலில் தண்ணீர் நின்றால் நாற்றங்கால் வெடித்துவிடும்.

உடனே மோட்டாரைக் கழற்றுவார்கள், இல்லையென்றால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது மரை இணைப்பைத்தான்.

சொட்டாத கசிவு

தரைமேல் இருக்கும் பம்ப், குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியில் உள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி இதற்கு எல்லை சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 7, 8 மீட்டர். இந்த உறிஞ்சும் பக்கத்தில் மரை சரியாக அடைபடாவிட்டால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. பம்ப் ஓடும்போது இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்க. நுரையை உள்ளே இழுத்தால் கோளாறு அங்கேதான். (ஒயர், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது.)

முறுக்கினால் போதாதா?

போதாது. மரை பிடித்துக்கொள்ளும், முழுதாக அடைக்காது. இரண்டு மரைகளுக்கு நடுவே சுருளாக ஒரு சந்து இருக்கும். அதை அடைப்பது அந்தக் காலத்தில் சணலும் பெயின்ட்டும், இப்போது டெஃப்லான் டேப்.

சரிசெய்ய, மெயினை அணைத்துவிட்டு இணைப்பைக் கழற்றுங்க. பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்துவிடுங்க. மரையின் வாய் உங்களைப் பார்த்தபடி இருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றுங்க. வீட்டு அரை இஞ்ச் குழாய்க்கு நாலைந்து சுற்று போதும். பெரிய குழாய்க்குக் கூடுதலாக வேண்டும். கையால் முடிந்தவரை திருகி, பிறகு ரிஞ்ச்சால் ஒன்றிரண்டு சுற்று. நேராக நிற்கவில்லையே என்று பின்னால் திருப்பினால் டேப் விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதுதான். பிவிசி என்றால் பலத்தைக் காட்டாதீங்க, விரிசல் விடும்.

யூனியன், வாஷிங் மெஷின் ஹோஸ் போன்றவற்றில் அடைப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் வாஷர் அல்லது ரிங். அங்கே டேப் வீண்.

ஒரே அளவு, வேறு மரை

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் வகை 55 டிகிரி. அரை இஞ்ச்சில் இரண்டுக்குமே இஞ்ச்சுக்கு 14 மரை என்பதால் கொஞ்ச தூரம் ஏறிவிடும், ஆனால் கசியும். ஆன்லைனில் ஃபிட்டிங் வாங்குபவர்கள் கவனிக்க.

பம்ப்பில் சாணியைக் கரைத்து ஊற்றுவது அன்றைய பொழுதை ஓட்டும்; கசிவைச் சரிசெய்யாது. ஊரில் இருப்பவர்கள் மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வீடியோ காலிலேயே நாம் இதைச் சொல்லித்தரலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பையில் இரண்டு ரோல் டேப் இருக்கட்டும்.