அரியலூர் ஜில்லாவின் தேர்ச்சி

2025-ஆம் வருஷம் மே மாதத்தில் வெளியான பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷை முடிவுகளில், தமிழ்நாட்டு ஜில்லாக்கள் யாவற்றிலும் அரியலூரே முதலிடம் பெற்றது. தமிழ்நாடு முழுவதற்கும் தேர்ச்சி நூற்றுக்கு 95.03 வீதமாயிருக்க, அரியலூரில் 98.82 வீதம். அதற்கு முந்திய வருஷம் பத்தாம் வகுப்பிலும் 97.31 வீதத்துடன் இந்த ஜில்லாவே முன் நின்றது. இவற்றினும் நாம் விசேஷமாய்க் கருதுவது ஒன்றுண்டு. 2025-இல் சர்க்கார் பள்ளிக்கூடங்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தாலும் அரியலூரே முதலாவது. அதாவது, பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளின் வெற்றியை இரவல் வாங்கிக் கிடைத்த பெருமையன்று இது.

அரியலூர் எத்தகைய சீமை என்பதை நேயர்கள் அறிவார்கள். 2001-இல் தனி ஜில்லாவாகி, மறு வருஷமே பெரம்பலூருடன் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007-இல் திரும்பப் பிரிக்கப்பட்டது. மானாவாரி நிலம், முந்திரித் தோப்பு, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்டு ஆலை. இவையே ஜனங்களின் பிழைப்பு. கங்கைகொண்ட சோழபுரம் இங்கேதான் இருக்கிறது என்று ஆயிரம் வருஷத்துப் பெருமை பேச நாம் சளைத்ததில்லை. அந்தக் கோபுரத்தின் நிழலிலுள்ள பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவர்கள்தாம் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில், காலையிலும் மாலையிலும் தனி வகுப்பு வைத்துப் பின்தங்கிய பிள்ளைகளைக் கைதூக்கிவிட்ட உபாத்தியாயர்களுக்கே முதல் வந்தனம் உரியது.

2017-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மார்க்கு வாங்கியும், நீட் என்னும் பிரவேசப் பரீக்ஷையால் வைத்தியப் படிப்புக் கிட்டாமல் உயிர் நீத்த குழுமூர் அனிதா இந்த ஜில்லாவின் பெண். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பின்னர் 2020-இல், நீட் தேறிய சர்க்கார் பள்ளி மாணாக்கர்களுக்கு வைத்தியக் கல்லூரி ஸ்தானங்களில் 7.5 வீதம் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். அதற்கு முந்திய வருஷம் ஒற்றை இலக்கத்தில் இருந்த எண்ணிக்கை, அவ்வருஷமே முந்நூற்றுக்கு மேல் ஏறியது. 2022-இல் அரியலூரிலேயே சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் மண்டபத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை ஏற்பட்டது. இவற்றை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் வக்கீல் தொழில் செய்து பழகிய நமக்கு, ஒரு சாட்சியம் எவ்வளவு அநுகூலமாயிருந்தாலும் குறுக்கு விசாரணை செய்யாமல் விட மனம் வருவதில்லை. இந்த வீதம் யாரைக் கொண்டு கணக்கிடப்படுகிறது? பரீக்ஷை எழுதியவர்களைக் கொண்டு மட்டுமே. எழுத வராத பிள்ளை தோற்றவனுமல்லன், தேறியவனுமல்லன். கணக்கிலேயே அவன் இல்லை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீக்ஷைக்குத் தமிழ்நாடு முழுவதிலும் 50,000 பேருக்கு மேல் வரவில்லை. சொந்தத் தாய்மொழிப் பரீக்ஷைக்கு! அவர்களில் எத்தனை பேர் செங்கற் சூளையில் இருந்தார்கள், எத்தனை பெண்களுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது என்பதை எந்த முடிவுப் பத்திரிகையும் சொல்லவில்லை.

அரியலூர் உபாத்தியாயர்கள் மீது நாம் குற்றம் சாட்டவில்லை. அதற்கு ஆதாரம் ஏதும் நம்மிடம் இல்லை. ஆயினும், முதலிடம் என்னும் ஆசை ஜில்லாவுக்கு ஜில்லா பரவுமாயின், மந்தமான பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு வேறு வழி பார்க்கச் சொல்லும் தலைமை ஆசிரியர் எங்கேனும் தோன்றாமலிரார். மேலதிகாரி வீதத்தைக் காட்டி மிரட்டும்போது அவரும்தான் என்ன செய்வார்?

ஆகையால் கல்வி இலாகாவினரை ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி வீதத்துக்கும் பக்கத்திலேயே, அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேராய் இருந்தார்கள், பதினொன்றில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பன்னிரண்டில் எத்தனை பேர் பரீக்ஷை எழுதினார்கள் என்ற எண்களையும் அச்சிடட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் கொடுத்துப் பதிவு செய்திருக்கும் இக்காலத்தில் இது கஷ்டமான காரியமன்று. முதலிடம் பெற்ற அரியலூரே இதையும் முதலில் செய்யட்டும்.