பிரேக் குழாய் வாங்கப் போகிறீர்களா?

“இந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் சமாசாரமா? அதையெல்லாம் ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்!” என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த வண்டியின் பின் ஸீட்டில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி வருகிறவர் யார்? நீங்கள்தானே? போதாக்குறைக்கு, இந்தக் காலத்தில் முன் ஸீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவரும் நீங்களே. ஆகையால், பிரேக்கைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்வதில் தவறே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. “உஷ்ணம் தாங்கும் ஸ்பெஷல் குழாய்” என்று சொல்லி, கடைக்காரர் சிவப்பு, நீலம், தங்க நிறம் என்று வகை வகையாக எடுத்துப் போடுகிறார். வீட்டுப் பிள்ளை நிறத்தைப் பார்த்து மயங்குகிறான். பணம் போவது கிடக்கட்டும். எதை வாங்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கி வந்தால் அல்லவா ஆபத்து!

முதலில் இந்தக் குழாய் எதற்கு என்று பார்ப்போம். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், கைப்பிடியை அழுத்தியதும் மேலே உள்ள சின்ன சிலிண்டரிலிருந்து ஒரு திரவம் தள்ளப்படுகிறது. அது குழாய் வழியாகச் சக்கரத்தண்டை போய், காலிபரில் உள்ள பேடுகளை இரு பக்கமும் நெருக்குகிறது. அவை சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. வண்டி நிற்கிறது. திரவத்தை நெருக்கினால் அது சுருங்காது. அழுத்தத்தை அப்படியே எல்லாப் பக்கமும் கடத்தும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து பாஸ்கல் கண்டு சொன்ன தத்துவம் இது. டிரம் பிரேக் வைத்த பல ஸ்கூட்டர்களில் இந்தக் குழாயே கிடையாது, வெறும் கேபிள்தான்.

உஷ்ணம் எங்கிருந்து வருகிறது? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயரத்தில் சுமார் 1,200 மீட்டர் வித்தியாசம். வண்டியும் இரண்டு பேரும் மூட்டையுமாக 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டு 10 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! இதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. கியரைக் குறைத்து ஓட்டினால் என்ஜின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. மீதியெல்லாம் பிரேக்கின் தலையில்தான். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால், உள்ளங்கை அகலத் தட்டு என்னதான் செய்யும்?

அந்தச் சூடு பேடு வழியாகக் காலிபருக்குள் இருக்கும் திரவத்தில் ஏறுகிறது. மெக்கானிக்குகள் இதை ‘பிரேக் ஆயில்’ என்பார்கள். பெயர்தான் ஆயில், எண்ணெயே அல்ல! அவசரத்துக்கு என்று என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். அசல் திரவத்துக்கு ஒரு துர்க்குணம் உண்டு. மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் சேரச் சேர, சீக்கிரம் கொதிக்கும். புட்டியில் டாட் 3 என்று போட்டிருந்தால், புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்த பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்பது விதி. டாட் 4-க்கு இவை 230-ம் 155-ம். டாட் 5.1-க்கு 260-ம் 180-ம்.

திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி வருகிறது. திரவம் சுருங்காது, ஆவியோ நன்றாகச் சுருங்கும். எனவே, கைப்பிடியை அழுத்தினால் அது பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. இதைவிட மோசமான விஷயம் ஒன்றுண்டு. அரை மணி ஆறப் போட்டால் ஆவி மறுபடி திரவமாகி, பிரேக் பழையபடி பிடிக்கும். மலை இறங்கிய பிறகு மெக்கானிக்கிடம் காட்டினால், “நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா!” என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அடுத்த மலையில் அதே கதை நடக்கும்.

இப்போது புரிகிறதல்லவா? எவ்வளவு உசத்தியான குழாய் போட்டாலும், உள்ளே பழைய திரவம் இருந்தால் பிரயோஜனம் இல்லை. குழாய் வாங்க எடுத்த பணத்தில் முதல் பங்கு புதுத் திரவத்துக்கே. புதுத் திரவம் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். கறுக்காவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றத்தான் வேண்டும். சீல் உடைக்காத சின்னப் புட்டியாக வாங்குங்கள். மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். மூடியில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். வெறும் டாட் 5 என்பது சிலிகோன் சரக்கு. அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. வண்டிப் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும்.

சரி, குழாய்க்கு வருவோம். இதில் இரண்டு ஜாதி. ஒன்று, கம்பெனியிலேயே போட்டு வருகிற ரப்பர் குழாய். உள்ளே நூல் பின்னல் வைத்தது. குக்கர் காஸ்கெட் நாளாவட்டத்தில் விறைத்து வெடிக்கிறதே, அதே கதிதான் இதற்கும். சூடும் வெயிலும் பட்டு வெடிப்பு விடும். அழுத்தும்போது சற்றே ஊதும். மற்றொன்று, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் பின்னிய குழாய். அதன் உள்குழாய், தோசை ஒட்டாத தவாவில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் வகை. 1938-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பொருள். 260 டிகிரி வரை தாங்கும். ஊதாது என்பதால் கைப்பிடி கெட்டியாக இருக்கும்.

எதை வாங்கலாம்? கடைவீதிக்கும் ஆபீஸுக்கும் போகிற வண்டிக்குக் கம்பெனி ரப்பர் குழாயே தாராளம். அடிக்கடி மலைப் பாதையில் போகிறவர்களுக்கும், கனமான வண்டிக்காரர்களுக்கும் எஃகுப் பின்னல் நல்லது. ஆனால் அதன் மேல் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். வெறும் கம்பி, உரசின இடத்தையெல்லாம் அரம் போல அராவிவிடும். சைலன்சருக்குப் பக்கத்தில் குழாய் போகிறதா? அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி நூல் உறை ஒன்று மாட்டினால் போதும். அழகுக்காகச் சுற்றுகிற வர்ணச் சுருள்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். அவை வெடிப்பை மறைக்கத்தான் உதவும்.

நல்ல குழாயில் தயாரித்தவர் பெயரும் மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். அமெரிக்க முறைப்படி செய்த ரப்பர் குழாயில் எச்.எல். என்றிருந்தால் குறைவாக ஊதுவது, எச்.ஆர். என்றிருந்தால் சாதாரணம் என்று அர்த்தம். நீள வாக்கில் கோடும் ஓடும். அது அலங்காரத்துக்கு அல்ல! மாட்டின பிறகு கோடு கயிறு போல முறுக்கியிருந்தால் குழாயும் முறுக்கியிருக்கிறது. கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

நீளம் பழைய குழாயின் நீளமே இருக்கட்டும். மாட்டும்போது பக்கத்தில் நின்று மூன்று காரியம் கவனியுங்கள். முனைகளில் போடும் செப்பு வாஷர் புதிதா? காற்றுக் குமிழி போகும்படி ஏர் எடுத்தாரா? ஹாண்டிலை இரு கோடிக்கும் திருப்பினால் குழாய் இழுபடாமல், எங்கும் நசுங்காமல் இருக்கிறதா? ஏ.பி.எஸ். வைத்த வண்டி என்றால் குழாய்கள் அதிகம். அதைக் கம்பெனி சர்வீஸுக்கே விட்டுவிடுவது உத்தமம். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு இது 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமாயிற்று.

இனி, மாதம் ஒரு தடவை வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய பரீட்சை. குழாயை லேசாக வளைத்து, முனைகளண்டை வெடிப்போ கசிவோ இருக்கிறதா பாருங்கள். கைப்பிடியை இறுக்கி அரை நிமிஷம் பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். ஒரு குறையும் தெரியாவிட்டாலும், நான்கு வருஷத்தில் ரப்பர் குழாயை மாற்றும்படி ஜப்பானிய வண்டிகளின் கையேடுகள் பலவற்றில் எழுதியிருக்கிறது.

மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைக்காதீர்கள், நியூட்ரலிலும் விடாதீர்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். கியரில்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு குறைவு. அதனால் நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். கைப்பிடி இளகினால் விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை அழுத்தி, மற்ற பிரேக்கையும் பிடித்து, ஓரமாக நிறுத்துங்கள். சுடும் தட்டின் மேல் மட்டும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், கோணிப்போகும்.

பிள்ளை தங்க நிறக் குழாய் கேட்டால், வாங்கிக் கொடுக்கலாமா? தாராளமாக! “உள்ளே இருக்கிற திரவத்தை எப்போதடா மாற்றினாய்?” என்று முதலில் கேளுங்கள். அவன் விழிக்கிற விழியிலேயே, எதை முதலில் வாங்க வேண்டும் என்பது தெரிந்துபோகும்.