ஒலிக்கும் காட்சிசாலை

காட்சிசாலை என்னும் பெயரே கண்ணை நோக்கி எழுந்தது. பழைய வாளையும் நாணயத்தையும் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பெயரெழுதிவிட்டால், காண்போர்க்கு ஒருவாறு பயன் கிட்டும். இசைக்கருவியோ அத்தகையதன்று. ஒலியாத வீணை செதுக்கிய மரமே. அடியாத முரசு தோல் போர்த்த பாண்டமே. கருவியைக் காக்க விரும்புவோர் அதன் ஒலியையும், அதனை ஒலிப்பிக்கும் கையையும் ஒருங்கே காத்தல் வேண்டும் என்பதே நாம் ஈண்டு வற்புறுத்தக் கருதுவது.

இதனைச் செய்து காட்டும் இடமொன்று ஜப்பான் தேசத்தில் உளது. நம் தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நிகழ்ந்தது 1961-ஆம் ஆண்டில். இந்நாளில் முத்துக்களைத் தரம் பிரித்து விற்கும் தொழிலுக்குப் பேர்போன நகரங்களுள் ஒன்று கோபே என்னும் ஜப்பானியத் துறைமுகமாகும். அந்நகரின் பின்னே 931 மீட்டர் உயர்ந்து நிற்பது ரொக்கோ மலை. அம்மலையின்மீது 1994-ஆம் ஆண்டில் சங்கீதப் பெட்டிகளுக்கென ஒரு காட்சிசாலை திறக்கப்பெற்றது. காட்டின் ஒலியைக் குறிக்கும் புதுப்பெயரொன்று 2021-ஆம் ஆண்டில் அதற்கு இடப்பெற்றது. சூழவுள்ள தோட்டமும் காட்சியின் பகுதியாயிற்று. அங்கே பெட்டிகள் உறங்குவதில்லை. குறித்த வேளைகளில் பணியாளர் வந்து, பெட்டியை முடுக்கி, அதன் வரலாற்றையும் அமைப்பையும் எடுத்துரைத்து, அனைவரும் கேட்குமாறு ஒலிப்பிக்கின்றனர். வருவோர் விரும்பின் தம் கையாலேயே சிறு பெட்டியொன்றைப் பூட்டியமைத்து வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம்.

சங்கீதப் பெட்டி என்பது யாது? எஃகினால் ஆகிய சீப்பு ஒன்று. அதன் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுரம். நீண்ட பல் தாழ்ந்த சுரத்தையும் குறுகிய பல் உயர்ந்த சுரத்தையும் தரும். எதிரே பித்தளை உருளை. அதன்மேல் பாட்டின் முறைப்படி நட்ட நுண்ணிய முட்கள். சுருள்வில்லை முடுக்கினால் உருளை சுழலும். முட்கள் பற்களை மீட்டும். காற்றைத் தள்ளிச் சுழலும் சிறு விசிறியொன்று வேகம் மிகாமற் காக்கும். இவ்வாறு எஃகுப் பற்களைக் கொண்டு இசையெழுப்பும் முறையை 1796-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அந்த்வான் ஃபாவ்ர் என்னும் ஜெனீவா நகரத்துக் கடிகாரத் தொழிலாளர். பின்னர் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையிலுள்ள ஸேந்த் க்ருவா என்னும் ஊர் இத்தொழிலுக்குத் தாயகமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தார் உருளைக்கு மாறாகத் துளையிட்ட உலோகத் தட்டுகளை ஆக்கினர். தட்டை மாற்றினாற் பாட்டும் மாறும். அதன்பின் கிராமபோன் வந்தது. மனிதக் குரலையே பிடித்துத் தந்தது. பெட்டியின் செல்வாக்குக் குன்றியது.

குன்றினும் அழியவில்லை. காரணம் யாது? பெட்டிகள் எஞ்சியது மட்டும் காரணமன்று. அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் எஞ்சின. கடிகாரத் தொழிலையும், அதனைச் சார்ந்த யந்திரக் கலைகளையும், அவற்றுள் சங்கீதப் பெட்டி செய்யுந் திறனையும் சுவிட்சர்லாந்தும் பிரான்சும் கூடி முன்வைக்க, யுனெஸ்கோ அமைப்பு 2020-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. பட்டியலில் ஏறியது பொருளன்று, திறமை என்பதை நம் மாணவர் கருத்தில் இருத்துக.

இனி நம் நாட்டை நோக்குவோம். ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ள எட்டயபுரத்திலும் ஒருவகைச் சங்கீதப் பெட்டி செய்யப்பட்டது என்றால் அன்பர் வியப்பர். முத்துசுவாமி தீக்ஷிதர் 1835-ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே காலமானார். அவர்தம் மரபில் வந்த சுப்பராம தீக்ஷிதர், ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை 1904-ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளியிட்டார். சுரங்களையும் கமகங்களையும் குறிக்கத் தனித்தனி அடையாளங்கள் அமைத்து, வாய்வழி வந்த கீர்த்தனங்களை ஏட்டில் நிறுத்திய நூல் அது. அதனை எழுதுமாறு தூண்டியவருள் தலையாயவர் சின்னசாமி முதலியார் என்னும் கத்தோலிக்க அன்பர். நம்மவர் இசையை மேனாட்டுச் சுரக்குறியில் எழுதி 1892-ஆம் ஆண்டு முதல் அச்சிட முனைந்தவர். எட்டயபுரத்து அரசர் பொருளுதவி புரிந்தார். உருளைமேல் நட்ட முட்கள் எவ்வாறோ, அவ்வாறே அந்நூலின் குறிகளும். ஆயினும் குருவிடம் பயின்ற தொண்டை இல்லையேல் அக்குறிகள் மௌனமே.

கீர்த்தனங்களுக்கு இப்பேறு வாய்த்தது. வில்லுப்பாட்டுக்கு வாய்த்ததா? பனையிற் செய்த வில், அதிற் கட்டிய மணிகள், வீசுகோல், மண்குடம், உடுக்கை, தாளம் ஆகிய இவற்றைக்கொண்டு இரவு முழுதும் கதை பாடுவோர் நம் ஜில்லாவில் இன்னும் உளர். ஆயின் அவர்தம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் வில்லைத் தொடுகின்றனர்? வலையிழுத்துப் படகு தள்ளிய பரதவரின் அம்பாப் பாட்டு, யந்திரப் படகின் இரைச்சலில் ஒடுங்கியது. 1961-இல் இருபது வயதினராய்க் கடலில் மூழ்கி முத்தெடுத்தோர், இன்றிருப்பின் எண்பதைக் கடந்தவராவர். அவர் நினைவிலுள்ள பாட்டுக்கு முள் நட்டவர் யார்?

ஒட்டப்பிடாரத்தில், 1872-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அருகே பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ஆம் ஆண்டில் அரசினர் நினைவுக் கோட்டை எழுப்பினர். இரண்டும் போற்றத்தக்கன. ஆயின் கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்டுக் கோட்டையும் தரைமட்டமான பின்னர், புதுச் சுவர் எழும்வரை அவன் கதையை உயிரோடு வைத்திருந்தது எது? ஊரூராகப் பாடிய கதைப்பாட்டன்றோ! சுவரைக் காணச் செல்வோர்க்கு அப்பாட்டைக் கேட்கவும் வாய்ப்பிருத்தல் நியாயமே.

“எல்லார் கையிலும் செல்பேசி உளதே, அதில் பதிந்துகொண்டால் போதாதோ?” எனச் சிலர் வினவலாம். பதிதல் வேண்டும், அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் சங்கீதப் பெட்டி நூறு முறை முடுக்கினும் ஒரே பாட்டைத்தான் பாடும். வில்லுப்பாட்டுப் புலவரோ அவ்வாறு பாடுபவரல்லர். கேட்போர் அழுதால் ஒரு கட்டத்தை நீட்டுவார். உறங்கினால் நகைச்சுவை புகுத்துவார். ஊரின் பெயரையும் கதையுள் இழைப்பார். பெட்டிக்கே பழுதுபார்க்கும் கை வேண்டுமாயின், இத்தகைய கலைக்கு வாழும் மாணாக்கர் எவ்வளவு இன்றியமையாதவர்! பதிவு மட்டும் எஞ்சின், கலை சென்ற தடமே எஞ்சும்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய மாளிகையன்று. பாஞ்சாலங்குறிச்சியிலோ ஒட்டப்பிடாரத்திலோ ஒரு கூடமும், அதனைச் சூழ ஒரு தோட்டமும் போதும். உதகையில் 1848-இல் தோன்றிய பூந்தோட்டத்தைப் போன்றதொன்றை நம் கரிசல் நிலம் தாங்காது, தாங்கவும் வேண்டா. பனையை நடுக. வில் பிறப்பது எம்மரத்தில் என்பதை வருஞ் சிறுவன் நிழலிலேயே நின்று அறியட்டும். குயவர் ஒருவர் குடம் வனையட்டும். வாரம் ஒருநாள் புலவர் ஒருவர் தக்க ஊதியம் பெற்றுப் பாடட்டும். விரும்பும் பிள்ளைகள் அருகிருந்து வீசுகோல் பிடிக்கட்டும்.

இக்கூடம் எழுமளவும் நம் கலாசாலை காத்திருக்க வேண்டியதில்லை. மலைகளுக்கு உல்லாசப் பிரயாணம் செல்லும் மாணவர், விடுமுறையில் தத்தம் ஊரிலுள்ள முதிய பாடகர் ஒருவரையேனும் நாடிச் செல்க. அவர் இசைவு பெற்றுப் பாட்டைப் பதிக. பாடியவர் பெயர், ஊர், எச்சமயத்திற் பாடுவது, கருவி செய்தவர் யார் என்னும் விவரங்களை எழுதுக. படியொன்றை நம் நூல்நிலையத்திற் சேர்த்து, மற்றொன்றைப் பாடியவர்க்கே அளிக்க. அவருள் ஒருவரேனும் பதிவதோடு நில்லாமல் பாடவும் கற்பாராயின், ரொக்கோ மலைக் காட்சிசாலை செய்வதினும் மேலான பணியை நம் ஜில்லா செய்ததாகும். ஆசிரியரும் பழைய மாணவரும் இதற்குத் துணைநிற்பார்களாக.