கார் ஒருவனுடையது, பாதை எல்லோருடையது!



"ரிமோட் கார் ஓட்டுவதற்காக வீட்டுக்குப் பின்னாடி மண் பாதை போட்டோம்" என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். மீதிப் பேர் "கார் என்ன விலை?" என்று கேட்பீர்கள். சென்ற கோடை விடுமுறையில் எங்களைப் பார்த்த எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். பாதையை எப்படிப் போட்டீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆரம்பித்த கதை

என் வகுப்பு நண்பன் ஒருவனுக்கு அவன் சித்தப்பா ரிமோட் கார் ஒன்று வாங்கி வந்தார். நிஜக் காரில் பதினாறில் ஒரு பங்கு அளவு. தெருவில் ஓட்டினால் பைக் வருகிறது, நாய் துரத்துகிறது. மொட்டை மாடியில் ஓட்டினால் கீழே விழுந்துவிடுமோ என்று பயம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் 40 அடிக்கு 25 அடி காலியிடம் கிடந்தது. "இங்கேயே ஒரு டிராக் போட்டா என்ன?" என்று கேட்டது நான்தான்.

மொத்தம் நாலு பேர். கார்க்காரன், நான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கச்சி, அப்புறம் எங்கள் தெருக் கொத்தனார் மகன். அவனும் நம் பள்ளி மாணவன்தான். லீவு நாளில் அவன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுவான். வேலை இல்லாத நாளில் எங்களோடு வந்தான்.

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ஏண்டா, மண்ணு வெளையாடுற வயசாடா இது? படிக்கிற புள்ளைகளா நீங்க?" என்று திட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் தேள், பூரான் இருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு வெட்டுங்கள் என்று சொன்னதும் அப்பத்தாதான்.

மண்ணைப் படித்தோம்

முதல் நாள் கடைத்தெருப் பக்கம் கொட்டிக் கிடந்த மணலை அள்ளி வந்து பரப்பினோம். கார் பத்தடி போவதற்குள் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. அடுத்து வெறும் களிமண். ஈரத்தில் வழுக்கியது, காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது.

அப்போதுதான் கொத்தனார் மகன் சொன்னான்: "உங்க பழைய மாட்டுக்கொட்டாய் மண் சுவர் இடிஞ்சு கெடக்குல்ல, அந்த மண்ண எடுங்கடா. அதுல மணலும் களியும் ஏற்கனவே கலந்திருக்கும்."

என் தங்கச்சிக்கு நம்பிக்கை இல்லை. அந்த மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தாள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்தது. அதைவிட நைசான வண்டல் சில மணி நேரம் எடுத்தது. களி மறுநாளும் கலங்கலாகவே நின்றது. அவன் சொன்னபடியே மணலும் இருந்தது, களியும் இருந்தது.

மண்ணை இறுக்குவதிலும் அவன்தான் வாத்தியார். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குவான். உருண்டை நிற்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது. கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். அந்த ஈரத்தில்தான் திமுசுக் கட்டை போட வேண்டும் என்பான். நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அணை கட்டும் மண்ணை எப்படி இறுக்குவது என்று ராள்ஃப் ப்ராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1933-இல் எழுதியிருக்கிறார். ஈரம் குறைந்தாலும் மண் இறுகாது, கூடினாலும் இறுகாது, ஒவ்வொரு மண்ணுக்கும் அளவான ஈரம் ஒன்று உண்டு என்பதுதான் விஷயம். இன்று பொறியியல் கல்லூரியில் இது ஒரு பாடம். நம் நண்பனுக்கு இது உள்ளங்கையில் இருந்தது!

வளைவில் வந்த பாடம்

பாதையின் அகலம் 4 அடி. ஓரத்துக்கு எங்கள் தோட்டத்தில் தூக்கிப் போட்டிருந்த பழைய சொட்டு நீர்க் குழாயைப் பதித்தோம். செங்கல் வைக்கக் கூடாது, கார் மோதினால் முன் சக்கரம் கழன்றுவிடும். சுற்றி வந்தால் மொத்தம் 130 அடி நீளம்.

காரின் அட்டைப் பெட்டியில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் என்று போட்டிருந்தது. நாங்கள் 60 அடி அளந்து ஓட்டிப் பார்த்தோம். 3 விநாடி ஆனது. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது என்பது முதல் பாடம்.

வளைவில் கார் திரும்பத் திரும்பக் குப்புற விழுந்தது. வளைவில் சாலையின் வெளி விளிம்பை ஏன் உயர்த்துகிறார்கள் என்று பதினோராம் வகுப்பு இயற்பியலில் படிக்கிறோமே, அதை அன்றைக்குத்தான் நான் நிஜமாகப் படித்தேன். வளைவின் ஆரம் ஒன்றரை மீட்டர். வேகம் விநாடிக்கு 3 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் 0.61 வருகிறது. அந்த டேன்ஜென்ட் மதிப்புக்கு உரிய கோணம் சுமார் 31 டிகிரி. என் தங்கச்சி அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி வைத்துப் பார்க்க, கொத்தனார் மகன் மட்டப்பலகையால் இழுத்துச் சாய்வு கட்டினான். அதன் பிறகு கார் அந்த வளைவில் ஒட்டிக்கொண்டு போனதைப் பார்க்க வேண்டுமே!

மேட்டுக்கும் கணக்கு உண்டு. கார் ஏறிப் பறக்க 2 அடி நீளத்தில் 6 அங்குல உயரம் போதும். ஆனால் இறங்கும் பக்கமும் சரிவாக இருக்க வேண்டும். தட்டையான தரையில் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் சக்கரத்துக்கும் அச்சுக்கும் போய்விடும்.

நாங்கள் செய்த தப்பு

இதுவரை பெருமை. இனி சொல்லப் போவது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

பாதை முடிந்தது. மூன்று நாள் ஓட்டினோம். கார்க்காரன் ஓட்டினான், என் வீட்டு இடம் என்பதால் நான் ஓட்டினேன். எங்கள் தெருப் பையன்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் கையிலும் ரிமோட் போனது. கொத்தனார் மகன் மட்டும் பாதைக்குள் நின்று, கவிழ்ந்த காரை நிமிர்த்தி வைத்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் ஒரே ஒரு தடவை, "ஒரு ரவுண்டு குடுங்கடா" என்று கேட்டான். "உனக்கு ஓட்டத் தெரியாது, ஒடச்சிருவ" என்று கார்க்காரன் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் அவன் வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்தோம். ஐந்தாம் நாளும் வரவில்லை. என் தங்கச்சிதான் கேட்டாள்: "அண்ணா, ரெண்டு வாரமா மண்ணு சொமந்தது அந்த அண்ணன். நீங்க ஒரு ரவுண்டாவது குடுத்தீங்களா?"

எனக்குப் பதில் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், அவளுக்கும் நாங்கள் கொடுக்கவில்லை.

அந்த வாரம் கோடை மழை ஒன்று அடித்தது. விடிந்து பார்த்தால் பாதை குளம் மாதிரி நிற்கிறது. சாய்வு கட்டிய வளைவு பாதி கரைந்து போயிருந்தது. நானும் கார்க்காரனும் இரண்டு நாள் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டோம். தண்ணீர் மறுபடி அங்கேயே நின்றது. கையில் கார் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது, ஓட்ட இடமில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பாதை இல்லாவிட்டால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார் வெறும் அலமாரிப் பொம்மை.

இரண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். கார்க்காரன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தாண்டா" என்றான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழம வர்றேன்" என்று மட்டும் சொன்னான். வந்தான். வந்ததும் ஒரு பார்வை பார்த்தான். "தண்ணி போறதுக்கு வழியே விடலயேடா!" என்றான். 4 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் விட்டு, மூலையில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினான். அதற்கப்புறம் இரண்டு மழை பெய்தது. பாதையில் தண்ணீர் நிற்கவில்லை.

அன்று முதல் ரிமோட்டை அவன் கையில்தான் கொடுத்தோம். முதல் சுற்றில் மூன்று தடவை கவிழ்த்தான். கார் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும், எல்லாருக்கும் வரும் குழப்பம்தான் அது. ஒரு வாரத்தில் 11 விநாடியில் ஒரு சுற்று முடித்தான். என்னால் இன்றைக்கு வரை 12-க்குக் கீழே வர முடியவில்லை.

உலக வழக்கமும் இதுதான்

இந்த விளையாட்டு நேற்று வந்ததில்லை. நிகோலா டெஸ்லா 1898-இலேயே நியூயார்க்கில் ஒரு படகை வயர் இல்லாமல் தூரத்தில் இருந்து இயக்கிக் காட்டினார். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-இல் ரிமோட் கார் விற்க ஆரம்பித்தது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சாரக் கார்களுக்கு 1985-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மண் பாதையில் உலகப் போட்டியே நடந்தது.

இந்தப் போட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வழக்கம். ஓர் ஆட்டம் ஓட்டி முடித்தவர்கள் அடுத்த ஆட்டத்துக்குப் பாதையில் போய் நிற்க வேண்டும். மற்றவர்களின் கார் கவிழ்ந்தால் ஓடிப் போய் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஓட்டியவன் எடுத்து வைப்பான், எடுத்து வைத்தவன் ஓட்டுவான். ஒருத்தன் ஓட்டிக்கொண்டே இருக்க, இன்னொருத்தன் எடுத்து வைத்துக்கொண்டே இருப்பது விளையாட்டே கிடையாது.

எதிர்க் கேள்விகளுக்குப் பதில்

"கார் ஒடஞ்சா யார் காசு குடுப்பா?" இது கார்க்காரன் கேட்டது. நியாயமான கேள்விதான், அவனுக்கு வீட்டில் திட்டு விழும். அதனால் ஓர் உண்டியல் வைத்தோம். வாரம் ஆளுக்கு ஐந்து ரூபாய். ஒரு பல்சக்கரம் தேய்ந்தபோது அந்தக் காசில்தான் வாங்கினோம். புதிதாக ஓட்டுபவர்களுக்கு ரிமோட்டில் வேகத்தைக் குறைத்து வைத்துக் கொடுக்கிறோம்.

"தண்ணியை வீணாக்குறீங்களே?" இது அம்மா கேட்டது. அதுவும் நியாயம்தான். துணி அலசிய தண்ணீரைத்தான் இப்போது தெளிக்கிறோம், வாளிக் கணக்கு வைத்து.

"படிப்பு கெடாதா?" இது அப்பா கேட்டது. விடுமுறையில் பாதி நேரம் நாங்கள் செல்போனில்தான் விளையாடிக்கொண்டிருந்தோம். அதைவிட இது நல்லது என்பது என் கருத்து. மண், கோணம், வேகம் மூன்றும் பாடப் புத்தகத்தில் இருப்பவைதானே!

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். லித்தியம் பேட்டரியை இரவு முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உப்பிப் போன பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும்.

என் வேண்டுகோள்

நம் பள்ளி சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் முள் மண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தலைமையாசிரியர் ஐயா அனுமதித்தால் நாங்களே சுத்தம் செய்து அங்கே ஒரு மண் பாதை போடுகிறோம். பணம் எதுவும் கேட்கவில்லை. ஒரு வகுப்புக்கு ஒரு கார்கூட வேண்டாம், பள்ளிக்கே இரண்டு கார் போதும். கார் வைத்திருப்பவர்கள் கொண்டுவரட்டும். ஆனால் ஒரே ஒரு விதியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்: "மண் சுமந்தவர் எல்லோருக்கும் ஒரு சுற்று. ஓட்டியவர் எல்லோருக்கும் ஒரு முறை மார்ஷல் வேலை." மாணவிகளுக்கும் இதே விதிதான்.

கார் வாங்கக் காசு வேண்டும், அது எல்லா வீட்டிலும் இருக்காது. பாதை போடக் கை வேண்டும், அது எல்லோரிடமும் இருக்கிறது. ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை யாராவது ரிமோட் காரோடு வந்தால் "என்ன விலை?" என்று கேட்காதீர்கள். "எங்கே ஓட்டலாம், யார் யாரெல்லாம் சேர்ந்து பாதை போடலாம்?" என்று கேளுங்கள். ரிமோட்டை முதலில் யார் கையில் கொடுப்பது என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் அதைத் தாமதமாகத்தான் செய்தோம்.



இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவன்

(பின் குறிப்பு: இந்தத் தாளில் உள்ள பாதையின் படத்தை வரைந்தது என் தங்கச்சி. சாய்வு கட்டுவது எப்படி என்று கேட்க விரும்புபவர்கள் என்னிடம் வர வேண்டாம், கொத்தனார் மகனிடம் கேளுங்கள். இடைவேளையில் வேப்ப மரத்தடியில் இருப்பான்.)