கரைய வேண்டியது தொப்பை, தெம்பு அல்ல!

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவருக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? 'இளைச்சுட்டாரே' என்று நெய்யை ஊற்றுவார்கள்; இல்லாவிட்டால் வெறும் கஞ்சி! இரண்டுமே தப்புங்க. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை போனால் நடக்கத் தெம்பு ஏது? குறைய வேண்டியது தொப்பைதான். நம்மவர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்கணும். சாதத்தைக் குறைத்து, பருப்பு, சுண்டல், மீன் சேருங்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு தினமும் நடங்கள். காலையில் எடையும் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் 'உடம்பு தேறிடுச்சு'ன்னு சந்தோஷப்படாதீங்க! அது இதயம் தளர்ந்து உடம்பில் தேங்கிய நீராக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.