சத்தம் போடாத ஃப்ரிட்ஜ், சத்தமில்லாம சம்பளத்தைத் தின்னுதா?



அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போற நம்ம ஆளுங்க வெயில் காலம் வந்தா கேட்கிற கேள்வி இது: "ஹோட்டல்ல கழிச்சுவிட்ட மினி ஃப்ரிட்ஜ் 3,500 ரூபாய்க்கு வருது. சத்தமே கேட்காதாம். வாங்கலாமா?"

இதுக்கு அடுத்து வர்ற கேள்வி: "வாங்கிட்டேன், கூலிங் வரலை. மெக்கானிக் பார்த்துட்டு கேஸ் போச்சு, 2,500 ஆகும்னு சொல்றார். கொடுக்கலாமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டாவது கேள்விக்கு: கொடுக்காதீங்க. முதல் கேள்விக்கு: ரூம்ல கரன்ட் இருக்கிறவங்களுக்கு அது வேண்டாம். மாசம் 18,000, 20,000 வாங்குறவங்களுக்கு 2,500 ரூபாய்ங்கிறது மூணு, நாலு நாள் உழைப்பு. அதை எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கலாம்.

இதுல கம்ப்ரசரே கிடையாது

நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல கீழே கருப்பா உருண்டையா ஒரு கம்ப்ரசர் இருக்கும். ஹோட்டல் ரூம்ல வைக்கிற பல மினி ஃப்ரிட்ஜ்ல அது இருக்காது. ஃபேன்கூட இருக்காது. பின்னாடி தடியான கருப்பு இரும்புக் குழாய்கள் வளைஞ்சு வளைஞ்சு போகும். லேபிள்ல அப்சார்ப்ஷன்னு இருக்கும், இல்லைன்னா ஆர்-717ன்னு போட்டிருக்கும். ஆர்-717ன்னா அமோனியா. (கம்ப்ரசர் இல்லாம, உள்ளே சின்ன ஃபேன் மட்டும் ஓடினா அது பெல்டியர் டைப். அது வேற கதை.)

வேலை செய்யற விதம் சிம்பிள்தான். குழாய்க்குள்ள அமோனியா, தண்ணி, ஹைட்ரஜன் மூணும் அடைச்சு சீல் பண்ணியிருப்பாங்க. கீழே ஒரு சின்ன ஹீட்டர் அமோனியா கலந்த தண்ணியைச் சூடாக்கும். அமோனியா ஆவியா பிரிஞ்சு மேலே போய், குளிர்ந்து திரவமாகும். அந்தத் திரவம் ஹைட்ரஜன் இருக்கிற பகுதிக்கு வந்ததும் மறுபடி ஆவியாகும், அப்போ ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற சூட்டை இழுத்துக்கும். கடைசியில திரும்பத் தண்ணியில கரைஞ்சு கீழே இறங்கும். அசையற பாகம் ஒண்ணுகூட இல்லை, அதான் சத்தம் இல்லை. 1922-ல ஸ்வீடன்ல பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் மன்டர்ஸ்னு ரெண்டு இன்ஜினியரிங் மாணவர்கள் கண்டுபிடிச்சது இது. எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி அந்த உரிமையை வாங்கி உலகம் பூரா வித்தாங்க.

கரன்ட் இல்லாத இடத்துக்கு இது வரப்பிரசாதம். மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டில்கூட ஓடும். கேரவன்னா நமக்கு ஷூட்டிங் ஸ்பாட் ஞாபகம் வரும். அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் குடும்பத்தோட ஊர் சுத்தற கேரவன் வண்டிகள்ல பல வருஷமா ஓடுறது இந்த ஃப்ரிட்ஜ்தான். வண்டி ஓடும்போது 12 வோல்ட் பேட்டரி, காட்டுல நிறுத்தினா எல்பிஜி சிலிண்டர், ஊருக்குள்ள வந்தா வீட்டு கரன்ட். மூணுல எதுலயும் ஓடும். அந்த இடத்துல இதுக்குப் போட்டி கம்மி.

அத்திப்பட்டுல ஏன் இது கணக்குக்கு ஒத்துவராது?

அத்திப்பட்டு ஸ்டேஷன்ல இறங்கினாலே வடசென்னை அனல் மின் நிலையத்தோட புகைபோக்கி தெரியும். பக்கத்துல வல்லூர் மின் நிலையம் வேற. அங்கே நிலக்கரியை எரிச்சு 100 பங்கு சூடு உண்டாக்கினா, கரன்ட்டா மாறி வெளியே வர்றது சுமார் 35 பங்கு. அப்படிக் கஷ்டப்பட்டுச் செஞ்ச கரன்ட்டை நம்ம ரூமுக்குக் கொண்டு வந்து, ஹீட்டர்ல போட்டு மறுபடி சூடாவே மாத்துறோம். அந்தச் சூட்டை வெச்சு குளிர் பண்றோம்!

சின்ன அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜுக்கு 1 யூனிட் கரன்ட் கொடுத்தா, ஏறக்குறைய கால் யூனிட் அளவு சூட்டைத்தான் உள்ளேயிருந்து வெளியேத்தும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் அதே 1 யூனிட்டுக்கு 1 யூனிட்டுக்கும் மேல வெளியேத்தும். கேஸ் சிலிண்டரோ, ஃபேக்டரியில வீணாப் போற சூடோ இருந்தா அப்சார்ப்ஷன் புத்திசாலித்தனம். பிளக் பாயின்ட் இருக்கிற ரூம்ல அது செலவு.

ஒரு கணக்கு போடுவோம். 40 லிட்டர் மினி ஃப்ரிட்ஜ், 60 வாட் ஹீட்டர். சிமென்ட் ஷீட் போட்ட ரூம்ல வெயிலுக்கு ஒரு நாள்ல 80 சதவீத நேரம் ஹீட்டர் ஓடுதுன்னு வெச்சுப்போம். ஒரு நாளைக்கு 1.15 யூனிட், மாசத்துக்குச் சுமார் 35 யூனிட். ஹவுஸ் ஓனர் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினா மாசம் 280 ரூபாய்.

இப்போ ஒரு சாதாரண சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜை எடுத்துக்குங்க. அதோட ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு 180 யூனிட்னு இருந்தா, மாசம் 15 யூனிட், 120 ரூபாய். நடைமுறையில கொஞ்சம் கூடும், இருந்தாலும் நாலு மடங்கு பெரிய ஃப்ரிட்ஜுக்குப் பாதிக்கும் கீழேதான் கரன்ட் செலவு. மாசம் 160 ரூபாய் வித்தியாசம்னா மூணு வருஷத்துல 5,700 ரூபாய்க்கு மேல. 3,500-க்கு வாங்கின "சீப்" ஃப்ரிட்ஜோட உண்மையான விலை இப்போ தெரியுதா?

உங்க பேர்ல தனி ஈபி கனெக்ஷன் இருந்தாலும் தப்பிக்க முடியாது. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்ல? அதுல 70 யூனிட்டை இந்தப் பெட்டி ஒண்ணே தின்னுடும்.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? மெக்கானிக்குக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

இந்த ஃப்ரிட்ஜ்ல கூலிங் வரலைன்னா பல நேரம் காரணம் சின்னது. காசு செலவில்லாத சோதனையில இருந்து வரிசையாப் போங்க.

1. பொறுமையா இருங்க. இது மெதுவாத்தான் குளிரும். போட்டு ஒரு மணி நேரத்துல திறந்து பார்த்துட்டு "போச்சு"ன்னு முடிவு பண்ணக்கூடாது. காலியா வெச்சு ஒரு ராத்திரி முழுக்க, 10, 12 மணி நேரம் ஓட விடுங்க. ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைங்க. கையால தொட்டு ஜில்லுன்னு இருக்கான்னு பார்க்கிறது சோதனை இல்லை.

2. சமமா நிக்குதான்னு பாருங்க. உள்ளே பம்ப் கிடையாது. திரவம் தன் எடையாலதான் கீழே இறங்கணும். ஃப்ரிட்ஜ் சாய்ஞ்சு நின்னா ஓட்டம் நின்னு, ஹீட்டர் இருக்கிற குழாய் வெறுமனே காயும். ரொம்ப நாள் அப்படியே ஓடினா உள்ளே இருக்கிற துருத் தடுப்பு ரசாயனம் கெட்டியாகிக் குழாயை அடைச்சுடும், அப்புறம் மீட்க முடியாது. கேரவன்காரங்க வண்டியை நிறுத்தினதும் முதல்ல தரை மட்டம் பார்க்கிறது இதுக்குத்தான். உங்க போன்லயே லெவல் பார்க்கிற ஆப் இருக்கு.

3. பின்னாடி காத்து போகுதா? சூடு பின்பக்கக் குழாய் வழியாத்தான் வெளியே போகணும். ஹோட்டல்ல அலமாரிக்குள்ள இருந்ததேன்னு நீங்களும் மூலையில அடைச்சு வைக்காதீங்க. சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, தூசி தட்டுங்க, மேலே துணி போடாதீங்க.

4. கதவு ரப்பர். ஒரு பேப்பரை வெச்சுக் கதவை மூடி இழுங்க. லேசா வழுக்கிட்டு வந்தா ரப்பர் தளர்ந்திருக்கு. வெந்நீர்த் துணியால துடைச்சுப் பாருங்க, சரியாகலைன்னா ரப்பர் மட்டும் மாத்துங்க.

5. ஹீட்டர். தெர்மோஸ்டாட்டை முழுசா வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சு, பின்னாடி கீழே இன்சுலேஷன் சுத்தின பகுதிக்கு மேல வர்ற குழாய்ப் பக்கம் கையைக் கொண்டு போங்க. தொடாதீங்க, சூடு தெரியும். சூடே இல்லைன்னா ஹீட்டர் இல்லைன்னா தெர்மோஸ்டாட் போயிருக்கு. பிளக்கைப் பிடுங்கிட்டு, ஹீட்டர் ஒயர் ரெண்டையும் கழட்டி மல்டிமீட்டர்ல ஓம் பார்க்கணும். 60 வாட் ஹீட்டர்னா சுமார் 880 ஓம் காட்டணும். எதுவுமே காட்டலைன்னா ஹீட்டர் அவுட். பழக்கம் இல்லாதவங்க இதைத் தனியாப் பண்ணாதீங்க. உங்க ஃபேக்டரி மெயின்டனன்ஸ்ல ஐடிஐ முடிச்ச எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க. ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் மாத்துறது நியாயமான செலவு.

6. ஹீட்டர் நல்லா சுடுது, மட்டமும் சரி, காத்தும் போகுது, ராத்திரி பூரா ஓடியும் குளிரலை. அப்போ குழாய்க்குள்ள ஓட்டம் அடைபட்டிருக்கு. பிளக்கைப் பிடுங்கி, ஆற விட்டு, தலைகீழாக் கவுத்து சில மணி நேரம் வெச்சுட்டு, நிமிர்த்தி அதே அளவு நேரம் நிக்க விட்டுப் போட்டுப் பார்க்கிற பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு. சாய்ச்சுத் தூக்கிட்டு வந்த ஃப்ரிட்ஜுக்கு சில சமயம் பலிக்கும். ஒரு தடவை பலிக்கலைன்னா விட்டுடுங்க.

"கேஸ் போச்சு" விஷயம்

ஆறையும் பார்த்த பிறகும் ஒருத்தர் "கேஸ் அடிச்சா சரியாயிடும்"னு சொன்னா, இதுல எந்த கேஸ் இருக்குன்னு மட்டும் கேளுங்க. இது ஃபேக்டரியிலேயே அதிக அழுத்தத்துல அடைச்சு, வெல்டு வெச்சு மூடினது. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் மாதிரி வால்வு வெச்சு தெருமுனைக் கடையில நிரப்புற சமாச்சாரம் இல்லை. மெக்கானிக் எல்லாரும் ஏமாத்துறவங்கன்னு நான் சொல்லலை. பலர் வாழ்நாள்ல நூறு கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் பார்த்திருப்பாங்க, இதை ஒண்ணுகூடப் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா அவர் கத்துக்கிறதுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியது நீங்க இல்லை.

உண்மையிலேயே லீக் ஆனா உங்களுக்கே தெரியும். மூக்கைக் குத்துற அமோனியா வாடை வரும், குழாய்ல மஞ்சளா கறை படியும். அந்த மஞ்சள் பொடி விஷம், கை வைக்காதீங்க. உள்ளே ஹைட்ரஜன் இருக்கிறதால தீக்குச்சி, அடுப்பு எதுவும் பக்கத்துல கூடாது. ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வாங்க. வாடை அடங்கினதும் பிளக்கைப் பிடுங்குங்க, வெளியில இருக்கிற மெயினை ஆஃப் பண்ண முடிஞ்சா இன்னும் நல்லது. 2006-ல அமெரிக்காவுல கேரவன் ஃப்ரிட்ஜ் செய்யற டொமெடிக் கம்பெனி, ஹீட்டர் பக்கத்துக் குழாய்ல விரிசல் விழுந்து தீப்பிடிக்க வாய்ப்பிருக்குன்னு லட்சக்கணக்கான ஃப்ரிட்ஜைத் திரும்ப அழைச்சாங்க. பத்துக்குப் பத்து ரூம்ல மூணு பேர் தூங்குற இடத்துல லீக் ஆன பெட்டியை "ஒட்டி" ஓட்டுறது பேச்சுக்கே இடமில்லை. பழைய இரும்புக் கடையில போட்டு வெட்டவும் சொல்லாதீங்க, உள்ளே அழுத்தம் இருக்கு. குளிர்சாதனப் பெட்டியெல்லாம் 2022-ம் வருஷ மின்கழிவு விதிகளுக்குள்ள வருது, அதுக்குப் பதிவு பெற்றவங்ககிட்ட ஒப்படைங்க.

நைட் ஷிஃப்ட் ஆளுங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும்

"பகல்ல தூங்கணும் ப்ரோ, சத்தம் இல்லாதது எனக்கு முக்கியம்." நியாயம்தான். தூக்கத்துக்கும் ஒரு விலை உண்டு, மாசம் 160 ரூபாய் அதுக்குச் சரின்னு நீங்க தெரிஞ்சே முடிவு பண்ணினா நான் மறுக்க மாட்டேன். ஆனா தெரியாம அந்தக் காசு போகக்கூடாது. வாங்குறதுக்கு முன்னாடி விக்கிறவர் இடத்துலயே முந்தின நாள் ராத்திரி ஓட விடச் சொல்லி, காலையில தெர்மாமீட்டரோட போங்க. மறுத்தார்னா வாங்காதீங்க.

இன்னொண்ணு, இது காசைவிட முக்கியம். வீட்டுல அப்பா, அம்மாவுக்கு இன்சுலின் வைக்கணும்னா 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். இந்த மினி ஃப்ரிட்ஜ்கள் வெளியே வெயில் ஏற ஏற உள்ளேயும் சூடாகும். சோடா பாட்டிலுக்கு அது போதும். மருந்துக்கும் பாலுக்கும் தெர்மாமீட்டர் சொல்லாம நம்பாதீங்க.

எந்த ரிப்பேருக்கும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்கலாம். எந்தப் பாகம் போச்சு? மாத்தினா எத்தனை நாள் கேரன்டி, பில்லுல எழுதித் தருவீங்களா? சரியானதுக்கு அப்புறம் இது மாசம் எவ்வளவு கரன்ட் இழுக்கும்? முதல் ரெண்டுக்கு மெக்கானிக் பதில் சொல்லணும். மூணாவதுக்கு நீங்களே பதில் கண்டுபிடிங்க. பில்லு வாங்கியும் ஏமாந்தா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குக் கூப்பிடலாம். பில்லு இல்லைன்னா அங்கேயும் நம்ம பேச்சுக்குப் பலம் கம்மி.

அடுத்த வீடியோவுல இதே மினி ஃப்ரிட்ஜையும் ஒரு சிங்கிள் டோரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, மீட்டர் மாட்டி 24 மணி நேரம் ஓட்டிக் காட்டறேன். அதுவரைக்கும் உங்க ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற லேபிள்ல எத்தனை வாட்னு பார்த்து எழுதி வைங்க.