மடை திறக்கிறவனுக்கு நாற்காலி இல்லை

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மேலூர் வண்டி நிற்கிற பக்கம் உட்கார்ந்துகொண்டு இதை எழுத ஆரம்பித்தேன். மடியில் ஒரு சணல் பை. பைக்குள் ஸ்டீல் தண்ணீர் பாட்டில், பேனா, வழுவழு தாளில் அச்சடித்த ஒரு புத்தகம், கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த அட்டை. அட்டையில் என் பெயருக்குக் கீழே 'பங்குதாரர்' என்று போட்டிருக்கிறது.

பங்குதாரர்! எங்கள் பக்கம் பங்கு என்றால் கண்மாய்த் தண்ணியில் பங்கு, மீன் ஏலத்தில் பங்கு, கோயில் மரியாதையில் பங்கு. இதில் எதிலாவது சேரிக்குப் பங்கு உண்டா? பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் ஒருத்தன் என்னைப் பங்குதாரன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அதுவும் எதில்? பூமி சூடாகிறதில்.

கூட்டம் ஊருக்குள் ஒரு ஏசி ஹாலில் நடந்தது. காலநிலை மாற்றத் திட்டங்களைத் துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பது பற்றிய கலந்தாய்வு. பல துறை அதிகாரிகள், தொண்டு நிறுவனத்துக்காரர்கள், சென்னையிலிருந்து வந்த ஆலோசனைக் கம்பெனிப் பிள்ளைகள். திரையில் வட்டம் வட்டமாக ஒரு படம். ஒவ்வொரு வட்டமும் ஒரு துறை. வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி. நடு வட்டத்தில் 'சமூகம்' என்று எழுதியிருந்தது. அம்புக்குறி எல்லாம் அதை நோக்கித்தான் பாய்கின்றன. அதிலிருந்து வெளியே ஒன்றுகூடப் போகவில்லை.

என்னோடு எங்கள் ஊர் நீர்க்கட்டிப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப்போயிருந்தேன். எழுபது வயசு தாண்டியவர். கதவோரம் உட்கார்ந்திருந்தார். கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன்: "சார், நீர்க்கட்டி இதுல எந்த வட்டத்துல வருவாரு?"

"அவரு வாட்டர் யூசர்ஸ் அசோசியேஷன்ல வந்துருவாரு."

"அதுல உறுப்பினராக பயிர் வெக்கிற நிலம் கையில இருக்கணுமே சார். இவருக்கு ஒரு சென்ட் கிடையாது."

"அது வேற டிபார்ட்மெண்ட்."

ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த பதில் இது. சாப்பாடு நல்லாயிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்ததும் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏப்பா, காலையிலருந்து தண்ணி தண்ணின்னு பேசுறாய்ங்க, கலுங்குன்னு ஒருத்தன் வாயிலயும் வரலியே?"

இந்த 'ஒருங்கிணைப்பு' எங்கிருந்து வருகிறது? 2007இல் பிரதமர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கு ஒரு குழு போட்டார்கள். 2008 ஜூன் 30ஆம் தேதி தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டார்கள். எட்டு இயக்கங்கள். சூரிய சக்தி ஒரு அமைச்சகத்துக்கு, எரிசக்திச் சிக்கனம் ஒன்றுக்கு, தண்ணீர் ஒன்றுக்கு, விவசாயம் ஒன்றுக்கு, நகர வாழிடம் ஒன்றுக்கு, காடு ஒன்றுக்கு. இமயமலையும் ஆராய்ச்சியும் அறிவியல் துறைக்கு. பிறகு மாநிலங்களும் திட்டம் எழுதவேண்டும் என்றார்கள், எழுதின. தமிழ்நாட்டில் 2022இல் வேகம் கூடியது. பசுமை இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் என்று மூன்று. மூன்றையும் நடத்த ஒரு அரசு கம்பெனி. முதலமைச்சர் தலைமையில் ஒரு நிர்வாகக் குழு. அதில் திட்டக்குழுவின் துணைத் தலைவராக இருந்த மாண்டேக் சிங் அலுவாலியா, இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகனி, நார்வேயில் அமைச்சராக இருந்த எரிக் சோல்ஹெய்ம், பூவுலகின் நண்பர்கள் சுந்தர்ராஜன். பெரிய பெயர்கள்தான். நார்வேயிலிருந்து ஒருவர் வரலாம் என்றால் நாட்டார்மங்கலத்திலிருந்து ஒருவர் வரலாம் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

மாவட்டத்தில் கலெக்டர்தான் இயக்குநர். மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். மதுரைச் சமவெளிக்குக் காலநிலை அலுவலர் வனத்துறைக்காரர்! விறகு பொறுக்கப் போன கிழவியையும் ஆடு மேய்க்கப் போன பையனையும் நம்ம சனங்கள் எந்தத் துறையிடமிருந்து ஒளித்து வைத்தார்களோ அந்தத் துறை. ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு இதில் என்ன இடம் என்று அந்த ஹாலில் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலநிலைக்கும் கக்கன் காலனிக்கும் என்ன சம்பந்தம் என்கிற பார்வை.

2008 ஜூன் 30 என்ற தேதியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. 1997 ஜூன் 30, தோழர்களே. தனித் தொகுதியாக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் தோழர்களும் மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய், எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு நிவாரணம் கேட்டுவிட்டுத் திரும்பும்போது ஓடும் பஸ்ஸை நிறுத்தி வெட்டப்பட்ட நாள். தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், அதில் ஜோசியம் பார்க்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தத் தேசியத் திட்டமும் கடைசியில் வந்து இறங்க வேண்டிய படி ஊராட்சி. அந்தப் படியில் ஒரு பறையன் உட்கார்ந்ததற்காகத் தலையை எடுத்த மாவட்டம் இது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996லிருந்து பத்து வருஷம் தேர்தலையே நடக்கவிடாமல் அடித்த மாவட்டம் இது. டெல்லியிலிருந்து அம்புக்குறி போடுகிறவர்களுக்கு, அம்பு போய்ச் சேருகிற இடத்தில் யார் நிற்கிறான், யாரை நிற்க விடமாட்டான் என்று தெரியுமா? 2025 ஜனவரி 5ஆம் தேதி இங்கே ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. தகராறே இல்லை. படியையே எடுத்துவிட்டார்கள்.

சரி, அரசாங்கத்துக்கு ஒருங்கிணைக்கத் தெரியாது என்றா சொல்கிறேன்? இல்லை. நன்றாகத் தெரியும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதே, அப்போது பிற மாநகராட்சி நகராட்சிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்புரவுத் தொழிலாளர்களை வண்டி வண்டியாக ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். எத்தனை துறை கையெழுத்துப் போட வேண்டியிருந்திருக்கும்? ஒரு கோப்பாவது 'அது வேற டிபார்ட்மெண்ட்' என்று நின்றதா? 2023இல் மிக்ஜாம் புயலுக்கும் அதேதான். மதுரையில் 2024 அக்டோபர் 25 அன்று கால் மணி நேரத்தில் நாலரை சென்டிமீட்டர், மொத்தம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழை கொட்டி, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பந்தல்குடி வாய்க்காலில் மிதந்து வந்ததையெல்லாம் அள்ளிக் கரையேற்றியது யார் கை? நரகலை அள்ளுவதற்கு நம்மைக் கூப்பிட வேண்டுமானால் இந்த அரசு எந்திரம் பொடி போட்ட வண்டிச் சக்கரம் மாதிரி ஓடும். நாம் கூப்பிட்டால்தான் அச்சாணி கழன்றுவிடுகிறது.

கண்மாய்க்கு வருவோம். சமவெளியில் காலநிலை என்றால் கண்மாய்தான். மழை ஒரே நாளில் கொட்டினால் கரை தாங்க வேண்டும், ஆறு மாசம் பொய்த்தால் அடியில் கிடக்கிற தண்ணி தாங்க வேண்டும். இந்தக் கண்மாயைத் துறைகள் எப்படிக் கூறு போட்டிருக்கின்றன பாருங்கள். ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேலே இருந்தால் நீர்வளத்துறை, கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். உள்ளே நிற்கிற கருவேல மரத்துக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு ஏலம், வண்டல் மண்ணுக்குத் தாலுகா ஆபீஸ், ஆக்கிரமிப்புக்கு வருவாய்த்துறை, வரத்துக்கால் ஊருக்குள் போகிற இடத்தில் மாநகராட்சி. மேலே இருக்கிற கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். தண்ணிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. உலக வங்கிக் கடனில் வந்த திட்டங்கள் உபவடிநிலம் வாரியாகப் பல துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்கப் பார்த்தன. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாசன சபைகள் வந்தன. 2017இல் குடிமராமத்து வந்தது, செலவில் பத்தில் ஒரு பங்கு விவசாயிகள் தரவேண்டும் என்று. எல்லாவற்றிலும் விவசாயி என்றால் நிலம் உள்ளவன். நிலம் யாரிடம் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு துண்டு போட்ட கண்மாயை அன்றாடம் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவர் நீர்க்கட்டி. எந்த மடையை எத்தனை விரல் திறக்கணும், கடைமடைக்கு எந்த ராத்திரி தண்ணி போகணும், கரையில் நண்டு வளை எங்கே, வெள்ளம் வந்தால் எந்த இடம் முதலில் உடையும், எப்போது பறையடித்து ஊரைக் கூப்பிடணும் என்பது அவருக்குத்தான் தெரியும். குமிழி மடை அடைத்துக்கொண்டால் ஆழத்தில் முங்கிப்போய் அடைப்பை எடுப்பவர் அவர்தான். மேலே வராமல் போனவர்களும் உண்டு. கூலி, களத்தில் அளந்து போடுகிற நெல். மடை திறந்தவன் பெயரைத்தான் 'மடையன்' என்று திட்டுச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இலக்கணப் புலவர்கள் ஒத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, எங்களுக்கு அது பொருந்தித்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் சுற்றுச்சூழல் நண்பர்கள் சிலர் கண் கலங்கிவிடுவார்கள். 'ஆகா, பாரம்பரிய நீர் மேலாண்மை! சமூக ஒற்றுமை!' அய்யா, கொஞ்சம் நிறுத்துங்க. அது ஒற்றுமை இல்லை, ஊழியம். அப்பன் பார்த்தான், மகனும் பார்க்கணும் என்கிற சாதிக் கட்டாயம். அவர் திறந்துவிட்ட தண்ணி அவருடைய சேரிக் குடத்துக்குத் தீட்டு. எங்கள் பெரியவர் தன் மகனை அந்த வேலைக்கு விடவில்லை. திருப்பூருக்கு அனுப்பிவிட்டார். அனுப்பியது சரி. நான் அவர் பக்கம்தான். ஆனால் அவரோடு அந்த அறிவும் போய்விடும். நூறு கோடி கொட்டிக் கரையைக் கான்கிரீட் ஆக்கினாலும் மடையடியில் ராத்திரி நிற்க ஆள் இருக்காது. அடிமை வேலையாக அதைத் திரும்பக் கேட்க எவனுக்கும் யோக்கியதை கிடையாது. மிச்சமிருப்பது ஒரே வழி: அதை அரசு வேலையாக்கு. ஒவ்வொரு கண்மாய்க்கும் மாதச் சம்பளம், காப்பீடு, எந்தச் சாதிக்காரனும் விண்ணப்பிக்கலாம் என்று போடு. இன்றைக்கு அந்த வேலை தெரிந்தவர்களுக்கு முதல் நியமனமும் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பும் கொடு. நெல்லு வேண்டாம், பே சிலிப் கொடு.

அரிட்டாபட்டி விஷயத்தையும் பேசாமல் முடியாது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது ஒரு அரசு. 2024 நவம்பரில் அதைச் சேர்த்தே டங்ஸ்டன் ஏலம் விட்டது இன்னொரு அரசு. அவர் எழுதிய கடிதம், இவர் எழுதாத கடிதம் என்று ரெண்டு பக்கமும் சண்டை. ஒருங்கிணைத்தது சனங்கள்தான். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தார்கள், 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. நானும் நடந்தேன், பெருமைதான். நடக்கும்போது ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது: அரிட்டாபட்டியும் மேலவளவும் ஒரே தாலுகா. மலைக்காக இத்தனை ஆயிரம் கால் நடந்ததே, 1997இல் எத்தனை கால் நடந்தது?

அம்பேத்கரை எல்லாரும் சட்டம் எழுதியவர் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அவர் கையில். தாமோதர் வெள்ளம் வந்தபிறகு வங்காளம், பீகார், மத்திய அரசு மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசியவர் அவர். 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த கூட்டத்துக்குத் தலைமையும் அவர்தான். அந்த முயற்சிதான் 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமாக ஆனது. 1927இல் மகாத்தில் குளத்துத் தண்ணியைத் தொட்டதற்காக அவருடைய ஆட்கள் அடி வாங்கினார்கள். பதினெட்டு வருஷம் கழித்து ஒரு நதி முழுவதையும் பற்றிப் பேசும் கூட்டத்தில் அவர் தலைவர். 'வேற டிபார்ட்மெண்ட்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1979இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டம் நமக்கு என்ன கற்றுக்கொடுத்தது? மக்கள்தொகையில் நாம் ஐந்தில் ஒருவர், அதனால் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கு என்றால், பொதுவாகப் போடுகிற சாலை, பொதுவாகக் கட்டுகிற பாலத்தின் செலவில் ஐந்தில் ஒன்றை எழுதி, 'இந்தா உன் பங்கு' என்றார்கள். 2024இல் தமிழ்நாட்டில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம். இனி காலநிலைப் பணம் வரும். நெடுஞ்சாலை ஓரம் மரம் நட்டுவிட்டு, நிழலில் இருபது சதம் உனக்கு என்று கணக்கு எழுதுவார்கள். மாட்டார்கள் என்று யாராவது உத்தரவாதம் தருவார்களா? வெயிலைப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் அரசு அறிவித்தது, செத்தால் நாலு லட்சம். நல்லதுதான். ஆனால் செத்தது வெயிலால் என்று சான்று வேண்டும். செங்கல் சூளையில் சுருண்டு விழுந்தவளை, குடும்பம் அன்றைக்கே எரித்துவிடுகிறது. யாரிடம் போய்ச் சான்று வாங்குவது? சுகாதாரத்துறையா, வருவாய்த்துறையா, போலீசா? இங்கே ஒருங்கிணைத்துக் காட்டட்டும், நான் கைதட்டுகிறேன்.

மேலூர் வண்டி வந்துவிட்டது. பெரியவர் சணல் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், பேத்திக்குப் பள்ளிக்கூடப் பையாகும் என்று. பஸ்ஸில் போகும்போதே தீர்மானத்தின் வாசகத்தைப் போட்டோம். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் வைக்க: மாவட்டக் காலநிலை இயக்கத்தில் ஆதிதிராவிடர் நல அலுவலர் கையெழுத்துப் போடும் உறுப்பினராக வேண்டும், நிலமற்ற கூலிகள், துப்புரவுத் தொழிலாளர்கள், நீர்க்கட்டிகள் தேர்ந்தெடுக்கிற ஆட்களுக்கு அதில் இடம் வேண்டும், காலநிலைச் செலவில் சேரிக்குள் வந்தது எவ்வளவு என்று தெருப் பெயரோடு கணக்கு வைக்க வேண்டும், எங்கள் கண்மாய் நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் வேண்டும். கடைசி வரியைப் பெரியவர் திருத்தச் சொன்னார். "கலுங்கு கல்லு பேந்து கெடக்கு, அதை முன்னாடி எழுது." எழுதினேன்.